ஆவி அலமாரியும் ஆள் பீரோவும்: காரைக்குடியில் ஒரு திகில் காமிக்ஸ் வாடகைக் கடை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழைய சாமான் வாங்க வருகிறவர்கள் பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம் என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு பழைய வீட்டு முகப்புத் திண்ணையை ஒட்டிய இரண்டு அறைகளில் நடக்கிறது இந்த வாடகைப் புத்தகக் கடை. போர்டு கிடையாது. திண்ணையில் பழைய வார இதழ் பைண்டிங் அடுக்கியிருந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். முன் அறையில் தொடர்கதைகளும் பாக்கெட் நாவல்களும். இங்கே எழுதப்போவது உள் அறையில் இருக்கும் திகில் காமிக்ஸைப் பற்றி மட்டும்.

உள் அறையில் இடது பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த தேக்கு அலமாரி. வலது பக்கம் பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பீரோ. அலமாரியில் ஆவி, பீரோவில் ஆள். கடைக்காரர் புத்தகங்களைப் பிரித்து வைத்திருப்பது பதிப்பகத்தை வைத்தோ மொழியை வைத்தோ அல்ல, கதையில் கெடுதல் செய்வது யார் என்பதை வைத்து. இரத்தக் காட்டேரி, சாபம், செத்தும் சாகாதவன் எல்லாம் அலமாரிக்குப் போகும். கொலைகாரன், பெற்ற பிள்ளையை விற்றவன், சொத்துக்காகச் சோற்றில் விஷம் வைத்தவள் எல்லாம் பீரோவுக்கு. திகில் காமிக்ஸ் வாசிக்கிறவருக்கு இதைவிட உபயோகமான அடுக்கு கிடையாது. ஆவிக்குப் பயப்படுகிறவரும் ஆளுக்குப் பயப்படுகிறவரும் வேறு வேறு வாசகர்கள். ஒருவருக்குப் பிடித்ததை மற்றவரிடம் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

புதிதாக வருகிறவரிடம் கடைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"தம்பி, ராத்திரி வீட்ல தனியாப் படுப்பீகளா?"

"இல்லண்ணே, ஆத்தா கூடத்தான்."

"அப்ப இடது பக்கம் பாருங்க."

தனியாகப் படுக்கிறவரையும் முதல் தடவையில் அவர் பீரோ பக்கம் விடுவதில்லை. அது சரியான முறைதான். ஆவிக் கதையின் பயம் விளக்கைப் போட்டால் குறையும். ஆள் கதையின் பயம் விளக்கைப் போட்டபிறகு கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்க்கச் சொல்லும்.

முதலில் அலமாரி. மேல் தட்டில் டிராகுலா தொகுப்புகள். மார்வெல் 1972-இல் தொடங்கி 1979 வரை 70 இதழ்கள் வெளியிட்ட தொடர் இது. முழுக்க ஜீன் கோலன் என்ற ஒரே ஓவியர் வரைந்தது. கடையில் இருப்பது கருப்பு வெள்ளை மறுபதிப்பு. வண்ணப் பதிப்பு இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். கோலனுடைய பலமே நிழல். அன்றைய மலிவுத் தாளில் ஊதாவும் பச்சையும் அந்த நிழலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டன. கருப்பு வெள்ளையில்தான் அந்தக் கோட் மடிப்பு எங்கே முடிகிறது, இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்பது தெரியாமல் ஒன்றாகிறது.

இந்தத் தொடரைச் சிபாரிசு செய்யக் காரணம், இதில் வரும் ஆவிக்குச் சட்டம் உண்டு. வெயில் ஆகாது, சிலுவை ஆகாது, நெஞ்சில் மரக்கட்டை இறங்கினால் தீர்ந்தது. அமானுஷ்ய வில்லனுக்கு முடியாதது என்ன என்பதைக் கதை முதல் சில பக்கங்களிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வாசகருக்குக் கணக்குப் போட எதுவும் இல்லை. சுவரைத் தாண்டி வருவான், மனதைப் படிப்பான், நினைத்த உருவம் எடுப்பான், கொன்றாலும் எழுவான் என்று எல்லாமே முடியும் என்றால் நாயகன் ஓடுவதற்கு அர்த்தமே இல்லை. அலமாரியின் கீழ்த் தட்டில் கிடக்கும் சன்னமான ஒற்றை இதழ்களில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். எட்டாம் பக்கத்தில் பேய் எல்லாவற்றையும் செய்துவிடும். கடைசிப் பக்கத்தில் திடீரென்று ஒரு தாயத்து வந்து கதையை முடிக்கும். இடையில் தாயத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

செட்டிநாட்டில் ஆவிக் கதை எடுபட இன்னொரு தடையும் உண்டு. இங்கே ஊர் எல்லையில் அரிவாளோடு, முறுக்கிய மீசையோடு, உருட்டிய கண்ணோடு நிற்பவர் கருப்பர். முனி இன்னும் உயரமாக உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் காவல் தெய்வம். மண் குதிரைக்குக் கீழே விளையாடி வளர்ந்த பிள்ளைக்குக் கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் காட்டினால், அது நம்மைக் காக்க வந்ததாகத்தான் மனசு முதலில் எடுத்துக்கொள்ளும். வேதாளமும் அப்படித்தான். அம்புலிமாமாவில் முதுகில் ஏறிக்கொண்டு வந்தது கதை சொல்லிக் கேள்வி கேட்டதே தவிர, விக்கிரமாதித்தனைக் கடித்ததில்லை. அதனால் இந்தப் பக்கத்து வாசகர்கள் அலமாரியில் எடுக்கும்போது முகத்தை வைத்துப் பயமுறுத்துகிற அட்டைகளைத் தள்ளிவிடலாம். இங்கே வேலை செய்வது முகமே இல்லாத ஆவிதான்.

அதற்கு இரண்டாம் தட்டில் ஜப்பானிய ஓவியர் ஜுன்ஜி இட்டோ இருக்கிறார். சுருளை வில்லனாக வைத்து 1998-லும் 1999-லும் அவர் வரைந்த உஸுமாகி தொடரின் ஆங்கிலப் பதிப்பு முழுதாகக் கிடைக்கிறது. ஒரு சிற்றூரைச் சுருள் என்கிற வடிவம் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் கதை. பழிவாங்கக் காரணம் கிடையாது, பேச்சு கிடையாது, பேய் ஓட்டுகிற மந்திரவாதி கிடையாது. முதல் அத்தியாயத்தில் ஒரு மனிதர் நத்தை ஓட்டையும் சுருள் போட்ட சாமான்களையும் சேர்க்க ஆரம்பிக்கிறார். கடைசியில் வட்டமான மரத் தொட்டிக்குள் தன் உடம்பையே சுருட்டிக்கொண்டு கிடக்கிறார். அந்தப் படத்துக்கு முந்தைய கட்டத்தைக் கவனியுங்கள். தொட்டியின் உட்புறம் காட்டப்படாது, பார்க்கிறவர் முகம் மட்டும்தான். பக்கத்தைப் புரட்டியதும் மொத்தமும் ஒரே படம். இந்த ஓவியரின் பயம் முழுக்கப் பக்கம் புரட்டுகிற விரலில்தான் இருக்கிறது. ஜப்பானியப் புத்தகங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதால், புரட்டும் இடம் இடது பக்கத்தின் அடியில் வரும். புதிதாகப் படிக்கிறவர்கள் பழக்க தோஷத்தில் தமிழ்ப் புத்தகம் போலத் திறந்து, அதிர்ச்சிப் படத்தை முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள். கடைக்காரர் இந்தப் புத்தகங்களின் தவறான அட்டைப் பக்கத்தில் 'இங்கே திறக்காதே' என்று சீட்டு ஒட்டியிருப்பது நல்ல யோசனை. சீட்டை ஒட்டப் பசை போட்டதுதான் தப்பு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

பக்கம் புரட்டும் விஷயத்தில் நம்முடைய பழைய தமிழ்க் காமிக்ஸுக்கு நடந்த அநியாயமும் இந்த அலமாரியிலேயே தெரியும். பிரிட்டிஷ் வார இதழ்களில் கதை பெரிய பக்கத்தில், வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கமாக ஓடும். கடைசிக் கட்டத்தில் ஒரு திடுக் வைத்து நிறுத்துவார்கள். அதைத் தமிழில் பாக்கெட் சைஸுக்கு வெட்டி ஒட்டும்போது, பக்கக் கடைசியில் இருக்க வேண்டிய திடுக் நடுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். கண் பேச்சு பலூனைப் படிப்பதற்குள் பக்கத்துக் கட்டத்துப் பேயைப் பார்த்துவிடும். படம் நன்றாக இருந்தும் பயம் வராமல் போவது இதனால்தான். மனித வில்லன் கதைக்கு இந்த வெட்டு அவ்வளவு பாதகமில்லை. அவன் பயம் படத்தைவிடப் பேச்சிலும் செயலிலும் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

பீரோவுக்கு வருவோம். கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதல் தட்டில் அமெரிக்காவின் ஈசி (EC) என்ற காமிக்ஸ் நிறுவனத்து 1950-களின் கதைத் தொகுப்புகள். இவற்றை ஆள் பக்கம் வைத்ததற்காகக் கடைக்காரருக்குத் தனியாக ஒரு கும்பிடு போடலாம். எல்லோரும் இவற்றைப் பேய்க் கதை என்றுதான் வைப்பார்கள், அட்டையில் அழுகிய பிணம் எழுந்து வருவதால். உள்ளே படித்தால், கெடுதல் செய்கிறவர் அநேகமாகக் கணவர், மனைவி, கூட்டாளி, முதலாளி. காசுக்காகவும் ஆசைக்காகவும் ஒருவர் இன்னொருவரைக் கொல்வார். கடைசிப் பக்கத்தில் பிணம் எழுந்து வந்து தீர்ப்புச் சொல்லும். அதாவது மனிதன் வில்லன், பேய் நீதிபதி. நம் ஊர்க் கருப்பருக்கு இருக்கிற உத்தியோகம்தான் அது.

காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்று 1954 ஏப்ரல் 21 அன்று நடந்த அமெரிக்க செனட் குழு விசாரணையில், ஈசி உரிமையாளர் வில்லியம் கெயின்ஸ் முன்னால் ஓர் அட்டை நீட்டப்பட்டது. ஒரு கையில் கோடரி, மறு கையில் வெட்டிய பெண் தலை. ஜானி கிரெய்க் வரைந்தது. ஒரு திகில் காமிக்ஸுக்கு நல்ல ரசனைக்கு உட்பட்ட அட்டைதான் என்று அவர் பதில் சொல்லப்போக, அடுத்த நாள் பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டன. அந்த அட்டையில் பேய் கிடையாது. கோட்டுப் போட்ட ஒரு மனிதன் மட்டும்தான். ஆனால் அந்த அக்டோபரில் பதிப்பாளர்கள் சேர்ந்து கொண்டுவந்த விதிமுறை, நடமாடும் பிணம், இரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாவற்றையும் தடை செய்தது. 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்களைத் தலைப்பில் போடவும் தடை. 1971-இல் விதி தளர்ந்து பழைய இலக்கியப் பேய்களுக்கு இடம் கொடுத்த பிறகுதான், அந்த விதிக்குக் கட்டுப்பட்ட மார்வெலில் இடது பக்க அலமாரியில் இருக்கும் டிராகுலா தொடர் பிறந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் எடுத்துப் படிக்கிறவருக்கு இந்தச் சங்கிலி கண்ணில் படும்.

இரண்டாம் தட்டில் ஜப்பானிய ஓவியர் நவோகி உராசாவாவின் மான்ஸ்டர், 1994 முதல் 2001 வரை வந்த 18 பாகம். மூளை அறுவை மருத்துவர் ஒருவர் ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றுகிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகிறான். அவன் முகத்தில் ஒரு தழும்பு கிடையாது, குரல் உயராது, பெரும்பாலும் கத்தி எடுப்பதுகூட இல்லை. எதிரே இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவான். மனித வில்லனைப் படைக்கிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கேதான். அவன் எப்படி உள்ளே வந்தான் என்பதற்குப் பதில் இருக்க வேண்டும். பேய்க்குச் சுவர் தடையில்லை. ஆளுக்குச் சாவி வேண்டும், யாராவது கதவைத் திறந்துவிட வேண்டும், அதற்கு அவனை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை எப்படி உண்டானது என்பதைப் பக்கம் பக்கமாகக் காட்டினால் கதை பாதி முடிந்த மாதிரி. கடையில் நாலாம் பாகம் இல்லை. முதல் மூன்றோடு நிறுத்தவும் மனசு வராது, தாண்டவும் முடியாது. வேறு எங்காவது தேடி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

அதற்குப் பக்கத்தில் எழுத்தாளர் ஆலன் மூரும் ஓவியர் எடி கேம்பலும் லண்டன் கொலைகாரன் ஜாக்கை வைத்து 1989-இல் ஆரம்பித்து 1998-இல் முடித்த தடித்த புத்தகம். கொலைகாரன் யார் என்பதைச் சீக்கிரமே சொல்லிவிடுகிறார்கள். பத்தாம் அத்தியாயம் கிட்டத்தட்ட முழுதும் ஒரே அறை, ஒரே இரவு. பேனாக் கீறல்களால் வரைந்த படம், விளக்கு மங்க மங்கக் கீறல் அடர்த்தியாகும். பலவீனமான மனசு உள்ளவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்கலாம், கதை புரியும்.

இத்தாலியின் டைலன் டாக் இதழ்கள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. டிசியானோ ஸ்க்லாவி 1986-இல் உருவாக்கிய இந்தத் துப்பறிவாளருக்குத் தொழிலே அமானுஷ்யம். லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழிலும் வந்தவர். ஆனால் இவர் கதைகளில் மிகவும் கலங்க வைப்பது பேய் இல்லாத கதைதான். 1993-இல் வந்த ஒரு கதையில், வாய் பேசாத, காது கேளாத பையன் ஒருவனின் கால்களும் உறுப்புகளும் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டிருக்கின்றன. எடுக்க வைத்தது பெற்றவர்கள், இன்னொரு மகனுக்காக. அந்த ஒரு கதைக்கு நிகராக இடது அலமாரியில் எதுவும் இல்லை.

தமிழ் மொழிபெயர்ப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பழைய இதழ்களில் எல்லா வில்லனும் ஒரே தமிழ் பேசுவார்கள்: "உன்னை உயிரோடு விடமாட்டேன், மூடனே!" இது ஆவிக்குப் பொருந்தும். நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவர் நூறு வருஷத்துக்கு முந்திய தமிழில் பேசுவதுதான் நியாயம், பயமும் கூடும். அதே வசனத்தைப் பக்கத்து வீட்டுக் கொலைகாரன் பேசினால் அவன் நாடகக்காரன் ஆகிவிடுகிறான். ஆள் வில்லன் "வாங்க, சாப்ட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். பீரோவில் உள்ள தமிழ் இதழ்களை எடுக்கும்போது வில்லன் வாய் திறக்கும் முதல் பலூனைப் படித்துப் பாருங்கள். செந்தமிழாக இருந்தால் வைத்துவிடலாம்.

இந்த ஊர் வீடுகள் ஆள் வில்லனுக்கென்றே கட்டியவை போல இருக்கின்றன. முகப்பு, வளவு என்கிற நடு முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் கொல்லை முடியும். வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் தனிப் பூட்டு, சாவிகள் சென்னையிலும் மலேசியாவிலும். வருஷத்தில் பல மாதம் கூட்டிப் பெருக்குகிறவர் மட்டும்தான் வந்து போவார். பூட்டிய அறைக்குள் சத்தம் கேட்டால் அலமாரிக் கதை முத்தாத்தாள் ஆவி என்று சொல்லும், படையல் போட்டால் அடங்கும். பீரோக் கதை, பங்காளி ஒருவர் கள்ளச் சாவி போட்டிருக்கிறார், தேக்குத் தூணைக் கழற்ற ஆள் பார்க்கிறார் என்று சொல்லும். அது எந்தப் படையலுக்கும் அடங்காது. பீரோப் புத்தகங்களை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களில் பெரிய வீடுகளின் காவல்காரர்களே அதிகம் என்பதில் ஆச்சரியமில்லை.

அடுக்கு உடைகிற இடமும் உண்டு. இட்டோ 1987-இல் தொடங்கிய தோமியே, ஆவி அலமாரியில் இருக்கிறது. வெட்டினாலும் துண்டு துண்டாக முளைத்து வருகிற பெண் அவள், சரி. ஆனால் முதல் கதையில் அவளை வெட்டுவது வாத்தியாரும் வகுப்புப் பிள்ளைகளும். பிள்ளைகள் வரிசையாக நின்று வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதில் யார் வில்லன்? முத்து காமிக்ஸ் 1972-இல் முதல் இதழாகக் கொடுத்த இரும்புக்கை மாயாவிக்கும் இங்கே இடம் இல்லை. மின்சாரம் பட்டால் மறைகிற மனிதன், மூலக் கதையின் ஆரம்பத்தில் தப்பு வழிக்குப் போனவன். பேயும் இல்லை, சாதாரண ஆளும் இல்லை. மூன்றாவதாக ஒரு தட்டு வேண்டும். இப்போதைக்கு இவை அலமாரியின் தலையில் ஒரு பனையோலைக் கொட்டானில் கிடக்கின்றன. கொட்டான் விளிம்பு அட்டை மூலைகளைத் தேய்க்கிறது.

பராமரிப்பில்தான் கடை மதிப்பெண் இழக்கிறது. அட்டையில் பசையால் ஒட்டிய சீட்டுகள் இருக்கும் இடத்தில் ராமபாணப் பூச்சி அரிக்கிறது, மாவுப் பசை அதற்குச் சாப்பாடு. கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருக்கிறார்கள். அது சில வருஷத்தில் பழுத்து, பசை தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும், எடுக்கவே முடியாது. பிளாஸ்டிக் உறையின் வாயை ஒட்டி மூடியிருப்பது கோடையில் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் உள்ளே வேர்த்துப் பின்கள் துருப்பிடிக்கின்றன, நடுத் தாள் பின்னோடு கிழிந்து வருகிறது. உறையின் வாயைத் திறந்து விட்டு, தட்டுக்கு ஒரு வசம்புத் துண்டு வைத்தால் போதும், இந்த ஊர் ஆச்சிமார் பட்டுப் புடவைக்குச் செய்கிற அதே வேலை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா ஒரு தனி மனிதராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும்தான் இன்றைக்குச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. அந்த மண்ணில் இருந்துகொண்டு செல்லோடேப் ஒட்டலாமா?

எடுக்கும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை: பின் அடித்த இதழ் என்றால் நடுப் பக்கத்தைத் திறந்து, பக்க எண் இரண்டு பக்கமும் தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு தாள் விழுந்தால் முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் போகும். திகில் கதையில் அது பெரும்பாலும் கொலை நடந்த பக்கமாகவோ தாயத்து கிடைத்த பக்கமாகவோ இருக்கும். கடைசித் தாளைத் தனியாகப் பாருங்கள், பின்னட்டையோடு ஒட்டியிருப்பதால் முதலில் விழுவது அதுதான். 1986-இல் தொடங்கிய 'திகில்' என்ற தமிழ்க் காமிக்ஸின் இதழ்கள் சில இங்கே உண்டு. அவற்றை விரித்து மடக்காதீர்கள், முதுகு நொறுங்கும்.

வாடகை: சன்ன இதழுக்கு மூன்று நாளுக்கு 20 ரூபாய், தடித்த தொகுப்புக்கு ஒரு வாரத்துக்கு 60. தொகுப்புக்குப் புத்தக விலையில் பாதி முன்பணம், திருப்பும்போது கையில் கிடைத்துவிடும். பழைய தமிழ் இதழ்கள் விற்பனைக்கு இல்லை, கேட்டு வற்புறுத்தவும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பீரோ திறக்காது, கூடப் பெரியவர் வந்தாலும் திறக்காது. பட்டியல் எதுவும் எழுதி வைக்கவில்லை என்பதால் குறிப்பிட்ட புத்தகம் தேடுகிறவர்கள் சாயங்காலம் 5 மணிக்கு மேல் கடைக்காரர் இருக்கும்போதே போங்கள். பகலில் உட்காருகிற பையனுக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, டைலன் டாக் கேட்டால் இரண்டு பக்கமும் உங்களையே தேடச் சொல்வான்.